சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளம்

மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது நடந்தது இது. ஆபீஸ் கேண்டீனில் சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல போனில் வீட்டுக் கேமராவைத் திறந்தேன். ஹாலில் பாய். பாயின் நடுவில் பாப்பா, மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். இழுக்கிறாள், கடிக்கிறாள், தரையில் தட்டுகிறாள். முகம் அழுகைவரை போய்த் திரும்பி வருகிறது. இரண்டடி தள்ளிச் சுவரில் சாய்ந்தபடி, அவளைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா. கை மடியில். சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

நாலு நிமிடம் தாங்கினேன். அப்புறம் போன் போட்டுவிட்டேன்.

"என்னக்கா, புள்ள அவ்ளோ கஷ்டப்படுது, பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கீங்களே?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு நிதானமாக, "நீங்கதானம்மா சொன்னீங்க, அது கூப்புடுற வரைக்கும் கை வைக்கக் கூடாதுன்னு" என்றார்.

சொன்னது நான்தான். குழந்தை தானே செய்து கற்றுக்கொள்ளட்டும் என்று விடுகிற மாண்டிசோரி முறையைப் பற்றிப் படித்துவிட்டு, சொன்னதோடு விடாமல் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்திருந்தேன்: குழந்தை தானாகச் செய்யக்கூடிய எதையும் நாம் செய்துகொடுக்கக் கூடாது. அதைப் படித்துப் புரிந்துகொண்டு கடைப்பிடித்த ஒரே ஆள் அந்த வீட்டில் அக்காதான். எழுதி ஒட்டிய நான், பழைய மகாபலிபுரம் சாலையின் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே டப்பா மூடியைத் திறக்கப் பார்த்தேன்.

போனை வைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பாப்பா அதை மறுபடி மூட ஆரம்பித்திருந்தாள்.

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவர் அக்காதான். பேத்தி எடுத்தவர், வயதுக்கு என் மகள் ஆயா என்றுதான் கூப்பிட வேண்டும். "ஆயான்னு கூப்டச் சொல்லாதம்மா, இப்பவே கெழவியாக்கிடாத" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கண்ணகி நகரிலிருந்து காலை ஒன்பது மணிக்கு வருவார், மாலை ஆறரைக்குக் கிளம்புவார். ஞாயிறு லீவு.

அவர் வருவதற்கு முன் என்ன பாடு பட்டோம் என்பது தனிக்கதை. 2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியதில் எனக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. எங்கள் கம்பெனியிலும் இருந்தது, வெயிட்டிங் லிஸ்ட்டோடு. அம்மா ஊரிலிருந்து வந்து சில மாதம் சமாளித்தார். அம்மாவின் முழங்கால் மாடிப்படிக்கு ஒத்துழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஆள் தேட ஆரம்பித்தோம்.

தேடும்போதுதான் தெரிந்தது, ஆயா என்ற சொல்லே விளம்பரங்களில் காணாமல் போயிருக்கிறது. எல்லாம் 'நானி'. அதிலும் 'மாண்டிசோரி நானி' என்றால் விலை இரட்டிப்பு. ஒரு ஏஜென்சி அப்படி ஒரு பெண்ணை அனுப்பியது. இருபத்திரண்டு வயது இருக்கும், பாவம், மூன்று நாள் பயிற்சி என்று சொல்லி ஒரு சர்ட்டிபிகேட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பதினோரு மாதக் குழந்தையின் முகத்துக்கு நேரே ஆப்பிள், பால், கேட் என்று அட்டைகளைக் காட்டினார். பாப்பா அட்டையைத் தின்றாள். இரண்டாம் வாரம் அந்தப் பெண்ணே வேறு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெயருக்கு முதலாளி யாரும் கிடையாது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் 1967லேயே, மாண்டிசோரி என்பது பொதுச்சொல், யாரும் தனி வணிகச்சின்னமாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று முடிவாகிவிட்டது. இந்த முறையை உருவாக்கிய இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி தொடங்கிய சர்வதேசச் சங்கம் 1929லிருந்து இருக்கிறது, முறையான படிப்புகள் நடத்துகிறது. பிறந்ததிலிருந்து மூன்று வயது வரையான குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கென்றே ரோமில் 1947இல் அடேலே கோஸ்தா ஞோக்கி என்பவர் ஒரு பள்ளி தொடங்கினார், அந்த வழியில் இன்றும் படிப்பு உண்டு. ஆனால் இதற்கும் மூன்று நாள் சர்ட்டிபிகேட்டுக்கும் நடுவே வேலி இல்லை. போர்டு மாட்டிக்கொள்ள யாருக்கும் தடை இல்லை. ஏஜென்சியை மட்டும் குறை சொல்வானேன். நானும் என் பங்குக்கு அதே வியாபாரத்தில் ஏமாந்தவள்தான். பிங்க் கோபுரம் வாங்கினேன். பத்துக் கனசதுரக் கட்டைகள். பெரியது பத்து சென்டிமீட்டர், சின்னது ஒரு சென்டிமீட்டர். பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதை ஒரு வயதுக் குழந்தைக்கு வாங்கியது என் அறிவு. மூன்றாம் நாள் அந்த ஒரு சென்டிமீட்டர் கட்டையைக் காணவில்லை. இரண்டு நாள் நானும் கணவரும் முறை வைத்து டயப்பரைச் சோதித்தோம். கடைசியில் சோபா இடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தவர், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த அக்கா.

"இத்தன சின்னத வாயில போட்டா தொண்டையில போய் ஒக்காந்துக்கும்மா. யாரு வாங்குனது?" என்றார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அக்காவுக்கு மாண்டிசோரி யாரென்று தெரியாது. தெரிய வேண்டுமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த முதல் பள்ளியின் கதையைப் படித்தேன். 1907 ஜனவரி 6. ரோம் நகரின் சான் லொரென்சோ. ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்காகப் புதுப்பித்துக் கொடுத்த அடுக்குமாடிக் கட்டடங்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பள்ளி வயதாகாத பிள்ளைகள் மாடிப்படியெல்லாம் ஓடிப் புதுச்சுவரைக் கிறுக்கிப் பாழாக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டடக் கம்பெனியின் கவலை பிள்ளைகளைப் பற்றியதல்ல, சுவரைப் பற்றியது. ரிப்பேருக்கு அழுவதைவிட ஓர் அறையை ஒதுக்கி யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்வது மலிவு. அப்படித்தான் டாக்டர் மாண்டிசோரியைக் கூப்பிட்டார்கள். அவர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர், நாள் முழுக்க அங்கே உட்கார முடியாது. ஐம்பதுக்குச் சொச்சம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தது அந்தக் கட்டடத்துக் காவல்காரரின் மகளை. ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். படித்த டீச்சரைப் போடாமல் விட்டதே நல்லதாகப் போயிற்று என்ற பொருளில் மாண்டிசோரியே பின்னால் எழுதினார். கற்றுக்கொடுத்தே தீருவேன் என்ற வேகம் அந்தப் பெண்ணிடம் இல்லை.

அதைப் படித்தபோது என் கண்ணில் வந்தது ரோம் இல்லை, கண்ணகி நகர்தான். ஆற்றோரக் குடிசைகளிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் அடுக்குமாடிகள். அம்மா அப்பா வேலைக்குப் போன பிறகு மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக, அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் கையில் தொடங்கிய ஒன்று, இன்று கேட் போட்ட குடியிருப்புகளில் இரட்டிப்பு விலைக்கு விற்கிறது. இதைச் சொன்னால் கணவர் "சரி, உனக்கு எல்லாத்துலயும் ஒண்ணு இருக்கும்" என்பார்.

டப்பா போனுக்கு மறுநாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொன்னார், அது இன்னும் மனதில் இருக்கிறது. "பத்து வீட்ல வேல பாத்துருக்கேன்மா. ஒக்காந்தா திட்டுவாங்க. புள்ள தூங்குனாக்கூட துணி மடிக்கணும். நீங்க ஒக்காரச் சொல்றீங்க, அப்பறம் ஒக்காந்தா கேக்குறீங்க. எனக்கு எப்பிடி தெரியும், எது வேல எது சும்மான்னு?"

உண்மைதானே. எத்தனை இட்லி ஊட்டினாய், எத்தனை தடவை உடை மாற்றினாய், தரை சுத்தமாக இருக்கிறதா, இப்படித்தான் நாம் ஓர் ஆயாவின் வேலையை எடைபோடுகிறோம். மாண்டிசோரி முறை அவரிடம் கேட்பதோ இதற்கு நேர் எதிர். ஊட்டாதே. உடுத்தாதே. சிந்தினால் சிந்தட்டும். கவனி. இதைப் பள்ளியில் ஒரு டீச்சர் செய்தால் அதற்குக் கவனித்தல் என்று மரியாதையான பெயர் இருக்கிறது. வீட்டில் சம்பளம் வாங்குகிற பெண் செய்தால் அதற்குப் பெயர் சோம்பல். 'சும்மா இருப்பதே சுகம்' என்பார்கள், மாதச் சம்பளத்துக்கு வந்தவர்களுக்கு அது சுகமில்லை, ஆபத்து. அன்றைக்குப் பிறகு கேமராவை முன்வாசல் பக்கம் திருப்பி வைத்தேன். முழுக்க எடுத்துவிடவில்லை, அவ்வளவு பெரிய மனது எனக்கு வரவில்லை.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு லீவு நாளில் பக்கத்திலிருந்து பார்த்தேன். பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. அக்கா ஒரு சின்னச் சொம்பில் பாதி தண்ணீர், ஒரு டம்ளர், கீழே ஒரு தாம்பாளம், பக்கத்தில் மடித்த பழைய துண்டு, எல்லாவற்றையும் பாயில் வைத்தார். ஊற்றுகிற வேலை. நான் இணையத்தில் பார்த்த படங்களில் இதற்குக் கண்ணாடிக் குவளை, மரத்தட்டு. எங்கள் வீட்டில் சொம்பு. சொம்புக்கு விளிம்பு வெளியே வளைந்திருக்கும், பிஞ்சுக்கை கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், எடையும் தெரியும், விழுந்தால் உடையாது, சத்தம் மட்டும் கேட்கும்.

பாப்பா இரண்டு கையாலும் தூக்கினாள். சாய்த்தாள். தண்ணீர் வரவில்லை. இன்னும் சாய்த்தாள். மொத்தமாக வந்து பாதி டம்ளரிலும் பாதி தாம்பாளத்திலும். அந்த நொடியில் அக்காவின் வலது கை தானாக முன்னால் போனது. பாதி வழியில் நின்றது. திரும்பி வந்து முந்தானை நுனியைப் பிடித்து விரல்களைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றிக்கொண்டது. கை கட்டிப்போட்டாயிற்று. பாப்பா அவரைப் பார்த்தாள். அக்கா சொம்பைப் பார்த்தார். பாப்பாவும் சொம்பைப் பார்த்தாள். டம்ளரில் இருந்ததைச் சொம்பில் திருப்பி ஊற்றி மறுபடி ஆரம்பித்தாள். பதினோரு தடவை எண்ணினேன், அதற்கப்புறம் எண்ணவில்லை. சான் லொரென்சோவில் ஒரு சின்னப் பெண் மர உருளைகளைக் குழிகளில் போட்டு எடுப்பதை நாற்பது தடவைக்கு மேல் செய்தாள், சுற்றிலும் பாட்டுப் பாடியும் நிமிரவில்லை என்று மாண்டிசோரி எழுதியிருக்கிறார். படிக்கும்போது கொஞ்சம் மிகைப்படுத்துகிறாரோ என்று நினைத்திருந்தேன்.

முடிந்ததும் அக்கா துண்டைத் தொட்டுக் காட்டினார், பேசவில்லை. பாப்பா துடைத்தாள். துடைத்தாள் என்றால், ஈரத்தை இன்னும் ஓர் அடி தள்ளிப் பரப்பினாள். பாப்பா தூங்கிய பிறகு அக்கா ஒழுங்காகத் துடைத்தார். குழந்தையின் கண்முன் அவள் வேலையைத் திருத்தக் கூடாது என்று நான் பிரிட்ஜில் ஒட்டவில்லை. அது அவராகவே கண்டுபிடித்தது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் போர். அம்மா போனில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சாப்ட்டா?" மாமியார் கேட்பது, "எத்தன சாப்ட்டா?" இடுப்பில் வைத்து, காக்காவையும் நாயையும் காட்டி, அம்மாவுக்கு ஒரு வாய் அப்பாவுக்கு ஒரு வாய் என்று அரை மணி நேரம் ஊட்டி வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். அதில் அன்பு இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வயிறு நிரம்பியதை அந்தக் குழந்தை எப்போது உணரும்? அக்கா தட்டைத் தரையில் வைத்து, பிசைந்த பருப்புச் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக வைத்துவிட்டு எதிரே தன் தட்டோடு உட்கார்ந்துகொள்வார். முதல் மாதம் உருண்டைகள் முடியிலும் காதிலும் போயின. மாமியார் வந்து பத்து நாள் தங்கியபோது பார்க்கச் சகிக்காமல், அக்கா பாத்திரம் தேய்க்கிற நேரம் பார்த்து ரகசியமாக ஊட்டினார். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி ஊட்டுவதும் வேண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. பிரிட்ஜ் சட்டம் பாட்டிகளுக்குக் கிடையாது.

மூக்குச் சிந்துகிற கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. சான் லொரென்சோவில் ஒருநாள் மாண்டிசோரி பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தக் கற்றுக்கொடுத்தார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, சத்தமில்லாமல் எப்படிச் சிந்துவது என்று மெதுவாகச் செய்து காட்டினார். வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்துத்தான் செய்தார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, முடிந்ததும் கைதட்டினார்களாம். மூக்கு ஒழுகுவதற்காக எப்போதும் திட்டு வாங்குகிறவர்கள், எப்படிச் சிந்துவதென்று அதுவரை யாரும் மரியாதையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. அக்காவிடம் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம பின்னாடியிலேந்து திருடன் மாதிரி வந்துல்ல தொடைக்கிறோம்!" மறுநாள் பீரோ கண்ணாடி முன்னால் இருவரும் நின்று, ஆளுக்கொரு கைக்குட்டையோடு, அரை மணி நேரம். பாப்பா மூக்கால் காற்றை விடக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

சமையலறை வேலைகளை அக்கா ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். முதலில் கறிவேப்பிலை உருவுவது. அப்புறம் அவரைக்காய் நார் எடுப்பது. இரண்டரை வயதுக்கு மேல் ஊறவைத்த மொச்சையைப் பிதுக்குவது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து, பருப்பு துள்ளி ஓடும், தோல் கையில் நிற்கும். பேனா பிடிக்கப் போகிற மூன்று விரல்களுக்கு இதைவிட நல்ல வேலை நான் வாங்கிய எந்தப் பெட்டியிலும் இல்லை. வேர்க்கடலையும் உலர்ந்த பயறும் மட்டும் அக்கா பக்கத்தில் விடவே மாட்டார். தொண்டை அடைப்பு பயம் அவருக்கு உண்டு, அது சரியான பயம்.

இந்த இடத்தில் யாராவது, "பாத்தீங்களா, இதெல்லாம் நம்ம பாட்டிங்க அன்னிக்கே செஞ்சது" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அது ஒப்பாது. என் பாட்டி மொச்சை பிதுக்கினார், உண்மை. நான் பக்கத்தில் போனபோது, "தொடாத, கொட்டிருவ, போய் வெளயாடு" என்றார், அதுவும் உண்மை. வேலை நம்மிடம் இருந்தது. அதைக் குழந்தையின் வேகத்துக்கு விட்டுக்கொடுக்கிற நேரம் யாரிடமும் இல்லை. அரைமணியில் எட்டுப் பேருக்குச் சமைக்க வேண்டியவளிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. எங்கள் வீட்டில் அந்த நேரத்தை நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம், வித்தியாசம் அவ்வளவுதான்.

அக்காவிடம் ஒருநாள் கேட்டேன், உங்கள் பேத்திக்கும் இப்படித்தான் செய்கிறீர்களா என்று. பேத்திக்கும் என் மகள் வயதுதான். அவள் அம்மாவும் வேலைக்குப் போகிறாள். பகலில் அங்கன்வாடி, மதியத்துக்குப் பிறகு பக்கத்து வீடு. அக்கா சிரித்தார். "எங்க வூட்ல இதெல்லாம் தானா நடக்கும்மா. ஊத்திக்கும், தின்னுக்கும், செருப்ப மாட்டிக்கும். பாக்க ஆள் இல்லல்ல."

தண்ணீர் ஊற்றத் தெரிந்த இரண்டு குழந்தைகள். ஒன்றுக்கு எதிரே முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்றுக்கு எதிரே யாரும் இல்லை. அந்த எதிரே உட்கார வேண்டியவரைத்தான் நான் மாதம் 16,000 ரூபாய் கொடுத்து இங்கே உட்கார வைத்திருக்கிறேன்.

எங்கள் வீடு திருவான்மியூர். வண்டியில் பத்து நிமிடம் போனால் அடையாறு, தியசாபிகல் சொசைட்டி என்கிற பிரம்மஞான சபையின் மரங்கள். 1939 நவம்பரில் மாண்டிசோரி சென்னைக்கு வந்தது அந்தச் சபையின் அழைப்பில்தான். சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் கூப்பிட்டார்கள். சில மாதப் பயிற்சி வகுப்பு, அப்புறம் ஊர் திரும்புவது என்று திட்டம். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவைக் காவலில் வைத்தார்கள். ஆகஸ்ட் 31, அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி விடுதலை செய்தார்கள். போர்க்காலத்தில் கொஞ்ச காலம் கொடைக்கானல், 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார். குழந்தை மனம் சுற்றியுள்ளதை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது என்று சொல்லும் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1949இல் முதலில் அச்சானது அடையாற்றில். தாயின் உடம்போடு ஒட்டிக்கொண்டு சந்தைக்கும் வேலைக்கும் போகிற குழந்தைகள் உலகத்தைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வதைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். ஏஜென்சிகள் இதைச் சொல்வதில்லை. இடுப்புக்கு விளம்பரம் செய்ய முடியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. மரியோ 1898இல் பிறந்தபோது மாண்டிசோரிக்குத் திருமணம் ஆகவில்லை. அந்தக் காலத்து ரோமில் அது வெளியே தெரிந்தால் டாக்டர் வேலை அவ்வளவுதான். குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார். அவ்வப்போது போய்ப் பார்ப்பார். பதினைந்து வயதில்தான் மரியோ அம்மாவோடு வந்து சேர்ந்தார். சான் லொரென்சோப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த வருடங்களில் தன் பிள்ளை வேறொருவர் வீட்டில்.

மாலை டீ குடிக்கும்போது அக்காவிடம் இதைச் சொன்னேன். டம்ளரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "ஊரான் புள்ளய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்லுவாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எவன் சொன்னானோ" என்று எழுந்து போனார்.

அந்த டம்ளரைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வரை குழந்தைக்கு ஒழுங்கின் மேல் ஒரு வெறி இருக்கும். எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தாக வேண்டும். மாண்டிசோரி சொல்லும் ஒரு சம்பவம்: வெயிலுக்குக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்ட ஒரு தாயைப் பார்த்து அவள் குழந்தை வீறிட்டு அழுதது, யாருக்கும் காரணம் புரியவில்லை. மாண்டிசோரி கோட்டை மறுபடி போட்டுக்கொள்ளச் சொன்னதும் அழுகை நின்றது. எங்கள் வீட்டிலும் நடந்தது. வாசல் மிதியடியைத் துவைத்துக் காயப்போட்ட நாளில் பாப்பா வீட்டுக்குள் வரமாட்டேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வெறியை நல்லபடி பயன்படுத்தலாம் என்பதுதான் முறை. அவள் உயரத்துக்குத் தாழ்வாக ஓர் அலமாரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். கழுவிய டம்ளர்களை எடுத்துவைக்கும் வேலை அவளுடையது. அப்பாவுடையது, அம்மாவுடையது, தன்னுடைய குட்டி டம்ளர், எல்லாம் வரிசையாக அலமாரியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அத்தை வந்திருந்தார். அக்காவுக்கு லீவு. டீ முடிந்து டம்ளர்களைக் கழுவி வைத்தோம். பாப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் போனாள். கடைசியாக, ஓரம் கொஞ்சம் நசுங்கிய ஒரு டம்ளர். அதை மட்டும் அலமாரிக்குக் கொண்டுபோகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சமையலறை ஜன்னல் விளிம்பில், கம்பிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"அங்க ஏன் வெக்கிற தங்கம்?"

"இது அக்காது. அக்காது இங்க."

அத்தை பாராட்டினார். "என்ன அறிவு பாரு, கரெக்டா தெரியுது."

அந்த டம்ளர் எப்போது ஜன்னலுக்குப் போனது என்று யோசித்துப் பார்த்தேன். நாங்கள் யாரும் சொல்லவில்லை. அக்கா சேர்ந்த முதல் நாள் டீ குடித்துவிட்டு, கழுவி, அவராகவே அங்கே வைத்திருக்க வேண்டும். பத்து வீட்டுப் பழக்கம். நானும் பார்த்திருப்பேன், பார்த்தது தெரியாமல் பார்த்திருப்பேன். நாங்கள் பாடமாக நடத்தியது சொம்பு, கறிவேப்பிலை, மொச்சை. பாடம் நடத்தாமலேயே அவள் எடுத்துக்கொண்டது இது.

மறுநாள் காலையில் அந்த டம்ளரை எடுத்து அலமாரியில் எங்கள் டம்ளர்களோடு வைத்தேன். அக்கா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாப்பாதான் சும்மா இருக்கவில்லை. "அக்காது அங்க! அங்க!" என்று அழுது, ஸ்டூலை இழுத்து, திரும்பக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எந்த வெறியை நல்லதென்று வளர்த்தோமோ அதே வெறி. அவளைப் பொறுத்தவரை ஒழுங்கைக் கலைப்பவள் நான். நாலாம் நாள் அக்காதான், "வுடும்மா, புள்ள அழுவுது, எங்க இருந்தா என்ன" என்றார். எங்க இருந்தா என்ன என்று என்னால் விட முடியவில்லை. கணவர் ஐந்து புது டம்ளர் ஒரே மாதிரி வாங்கி வந்தார், எது யாருடையது என்று தெரியாதபடி. நல்ல யோசனைதான். பாப்பா இரண்டு நாள் குழம்பிப்போய், ஐந்தையும் அலமாரியில் அடுக்கினாள். நசுங்கிய டம்ளரில் இப்போது துளசி விதை போட்டிருக்கிறது.

மகளுக்கு மூன்றரை வயதாகிவிட்டது. காலையில் பள்ளிக்குப் போகிறாள், அக்கா மதியம் அழைத்துவந்து மாலை வரை இருக்கிறார். செருப்பு வாரைத் தானே மாட்டிக்கொள்கிறாள், அக்காவின் முந்தானை இப்போதெல்லாம் கையைச் சுற்றுவதில்லை. சில நாள் நான் ஆபீஸிலிருந்து வரும்போது அக்கா கிளம்பியிருப்பார், கணவர் வந்து பார்த்துக்கொண்டிருப்பார். சமையலறைக்குப் போனால் அலமாரியில் நாலு டம்ளர்தான் இருக்கும். ஐந்தாவது ஜன்னல் விளிம்பில், கம்பிக்குப் பக்கத்தில், கவிழ்த்து வைத்திருக்கும். எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். வைத்தது மகளா, அக்காவா என்று நான் கேட்டதில்லை.